காது நட்டு வைத்த மூடி

எங்கள் தெருவில் தெர்மாஸ் மூடியைக் கடைசிச் சுற்று வரை திருகாத மனிதர் அவர் ஒருவர்தான். முக்கால் சுற்றோடு விட்டுவிடுவார். டீ ஆறிப்போகும். ஆறினதையும் முகம் சுளிக்காமல் குடிப்பார். சட்டைப் பொத்தான்களில் ஒன்று எப்போதும் காஜாவுக்கு வெளியே நிற்கும். பேச்சும் அப்படியே. எதைக் கேட்டாலும் ஆம் என்றோ இல்லை என்றோ வராது. "கெய்ஸா மஷிபூ" என்பார். பிரச்சினை இல்லை என்று பர்மிய மொழியில் அதற்குப் பொருள். கல்யாணத்துக்கு வருவதற்கும் அதே சொல், வராமல் இருந்துவிடுவதற்கும் அதே சொல்.

அவர் மனைவியை நாங்கள் அண்ணி என்போம். காலையில் வாசலில் கல் போட்டு, பலாட்டா என்று இங்கே சொல்கிற பரோட்டா சுட்டு விற்பார். "இவருக்கு எதையும் சாத்த வராதுப்பா. ஒரு பேச்சைக்கூட முழுசாச் சொல்லி முடிக்க வராது. என்னைக் கட்டிக்கிட்டப்பவும் தாலியில மூணாவது முடிச்சை இவரு போடல, இவரு அக்காதான் போட்டாங்க" என்று மாவை வீசிக்கொண்டே சொல்வார். மூன்றாவது முடிச்சு நாத்தனார் போடுவது வழக்கம்தான். ஆனாலும் அண்ணி சொல்லும்போது அது ஏதோ அவரே தப்பித்துக்கொண்டது போல இருக்கும். அவரும் பக்கத்தில் உட்கார்ந்து சிரிப்பார்.

இப்போது அவர் எங்கள் பேட்டையான தின்கன்ஜூனில் இல்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் த்வாண்டேயில், பானைச் சூளைக்கு மண் ஏற்றுகிற வண்டி ஓட்டுவதாகக் கேள்வி. படகேறினால் அரை நாளில் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். நான் போகவில்லை.

தீமிதிக்கு வருஷம் தவறாமல் காப்புக் கட்டுவார். விரதம் என்றால் கவிச்சி கூடாது. ஆனால் ஙப்பி இல்லாமல் அவருக்குச் சோறு இறங்காது. ஙப்பி என்பது மீனை உப்புப் போட்டுப் புளிக்க வைத்து அரைத்தது; பர்மாக்காரர் வீட்டில் உப்பு இல்லாமல் இருந்தாலும் அது இல்லாமல் இருக்காது. ஒரு தடவை விரத நாளில் பூசாரி அவர் வீட்டுக்கு வந்தபோது தட்டில் அது இருந்தது.

"என்னாய்யா இது?"

"ஙப்பிங்க."

"விரதத்துல மீனா?"

"இது மீனு இல்லீங்களே. மீனா இருந்தா முள்ளு இருக்கணும், கண்ணு இருக்கணும். இது உப்பு மாதிரி."

"அம்மனுக்குக் கண்ணுதான் தெரியும், மூக்கு இல்லைன்னு நெனச்சியா?" என்றார் பூசாரி. தெருவே சிரித்தது. அந்த வருஷமும் அவர் நெருப்பில் இறங்கினார். கால் சுடவில்லை. அதற்கப்புறம் ஙப்பி விஷயத்தில் அம்மனே சம்மதித்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

இதையெல்லாம் குறையாக நாங்கள் நினைக்கவில்லை. நினைக்க முடியாதபடி ஒரு காரியம் நடந்திருந்தது. பெரிய நோய் வந்த வருஷம், தெருவுக்குத் தெரு மூங்கில் கட்டி அடைத்துவிட்டார்கள். எந்த வீட்டுப் பின்கேட்டும் பூட்டியிருக்க வேண்டும் என்று உத்தரவு. அவர் வீட்டுப் பின்கேட் அடுத்த தெருவில் திறக்கும். அதைச் சாத்தி மட்டும் வைத்தார், கொண்டி போடவில்லை. விடியற்காலையில் அந்த வழியாக ஒரே ஒரு ஆக்சிஜன் சிலிண்டர் வீடு வீடாக மாறிக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டில் அது இரண்டு நாள் இருந்தது. என் அப்பா க்யிம்யிண்டைங் படகுத்துறையில் மூட்டை தூக்கினவர்; அந்த நெஞ்சும் அப்போது விம்மி நின்றுபோகப் பார்த்தது. நிற்கவில்லை. இன்றும் மூச்சு விடுகிறார்.

"எப்படிண்ணே இவ்வளவு தைரியமா கேட்டைத் திறந்து வச்சீங்க?" என்று கேட்டேன்.

"திறந்து வைக்கலியேப்பா. சாத்தித்தான் வச்சேன்" என்றார்.

இப்போது வண்டிக்கு வருகிறேன்.

மரக்கிடங்கு ஒன்றில் கோழிக்கூண்டாகக் கிடந்த பழைய பிக்கப் ஒன்றின் கூட்டை எடுத்து வந்திருந்தார். அதன் கூரையை ஒரு சாண் அறுத்துத் தாழ்த்தி, முன்சக்கரத்தை வெளியே தள்ளி, சிவப்பு அடித்து, விபத்தில் நொறுங்கிய பெரிய ஜப்பான் காரிலிருந்து எட்டு சிலிண்டர் எஞ்சினைக் கழற்றி அதில் உட்கார வைத்தார். மூன்று வருஷ வேலை. வெளிநாட்டில் இம்மாதிரி வண்டிக்கு ஹாட் ராட் என்று பெயர். எஞ்சினுக்கு இரண்டு பக்கமும் நான்கு நான்கு புகைக்குழாய்கள், கைவிரல்கள் மணிக்கட்டில் சேர்வதுபோல ஒரே வாயில் வந்து சேரும். அந்த வாயோடு சரி. அதற்கப்புறம் சைலன்சர் கிடையாது. ஓட்டுகிறவர் காலடியில் இரண்டு வாயும் தரையைப் பார்த்துத் திறந்து கிடக்கும்.

அந்தச் சத்தத்தை எழுத்தில் வைக்க எனக்குத் தெரியவில்லை. வண்டி தெருமுனையில் திரும்பும்போதே எங்கள் வீட்டு அலமாரியில் எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றோடொன்று பேசத் தொடங்கும். கல்யாணப் படம் எடுப்பதற்கும் ஷின்பியு ஊர்வலத்துக்கும் அதை வாடகைக்குக் கேட்டு வந்தார்கள். ஷின்பியு என்பது பர்மியப் பிள்ளைகளைக் கொஞ்ச நாள் துறவியாக மடத்தில் சேர்ப்பது. சேர்ப்பதற்கு முன்னால் பையனுக்கு ராஜகுமாரன் வேஷம் போட்டு, தங்கக் குடை பிடித்து, மேளத்தோடு ஊர்வலம் விடுவார்கள். அந்த ஊர்வலத்துக்கு முன்னால் இந்தச் சிவப்பு வண்டி உறுமிக்கொண்டு போவது எங்கள் பக்கத்தில் ஒரு கௌரவமாகிவிட்டது.

உறுமல்கூடப் பரவாயில்லை. கரண்ட் போனால் வீட்டுக்கு வீடு ஜெனரேட்டர் அலறுகிற ஊர் இது. ஆனால் வேகத்தில் போகும்போது அவர் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் அந்தத் திறந்த வாய்களிலிருந்து பட், பட் என்று வெடிக்கும். துப்பாக்கிச் சத்தம் கேட்டுப் பழகின இந்த நகரத்தில் அது வேறு சத்தம்.

ஒரு நாள் காலை ஒன்பது மணிக்கு டீக்கடை முன்னால் அப்படி வெடித்தது. அடுத்த நொடி கடையில் தலைகள் இல்லை. முப்பது பேரும் மேசைக்கு அடியில் இருந்தார்கள். எதிர்வீட்டு மூன்றாம் மாடி டீச்சர், பர்மிய அம்மாள், ஓய்வு பெற்றவர், மீன்குழம்பு ஊற்றிய மொஹிங்கா நூடுல்ஸ் வாங்கிக்கொண்டு வந்தவர் கிண்ணத்தோடு சாக்கடையோரம் குந்திவிட்டார். சூடான குழம்பு அவர் மடியில். அவர் கத்தவில்லை. இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டு அப்படியே இருந்தார். வண்டியை நிறுத்திவிட்டுச் சிரித்துக்கொண்டே இறங்கியவர், டீச்சரைப் பார்த்ததும் சிரிப்பைப் பாதியில் விட்டார்.

"டீச்சர், மன்னிச்சிக்குங்க. அடைச்சிடறேன்" என்றார்.

"ரபாடே" என்றார் டீச்சர். பரவாயில்லை என்று அர்த்தம். சொல்லிவிட்டு நேரே வார்டு அலுவலகத்துக்குப் போய் எழுதிக் கொடுத்தார்.

வார்டுத் தலைவரை இங்கே லூஜி என்போம், பெரிய மனிதர் என்று பொருள். எங்கள் லூஜி சத்தம் போடுகிறவர் அல்ல. ஒரு மாதத்துக்குள் சைலன்சர் வைத்து நிரந்தரமாக அடைக்க வேண்டும், அடைத்ததாக ஓர் உறுதிப்பத்திரம் தர வேண்டும், படித்த ஒருவர் அதற்கு ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும், இல்லாவிட்டால் வண்டி தெருவில் நிற்கக் கூடாது என்று மெதுவாகச் சொல்லி அனுப்பினார்.

எனக்கும் அந்த மாதம் லூஜியிடம் ஒரு வேலை இருந்தது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்தவன் நான்தான். அஞ்சல் வழியில் ஆங்கிலப் பட்டம் வாங்கி, பிள்ளைகளுக்கு டியூஷன் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். தமிழ்நாட்டில் ஒரு கல்லூரியில் ஆசிரியர் பயிற்சிக்கு இடம் கிடைத்திருந்தது. பாஸ்போர்ட்டுக்கு மனுப்போட வார்டிலிருந்து நன்னடத்தைக் கடிதம் வேண்டும். அது லூஜியின் மேசையில் முத்திரைக்காகக் காத்திருந்தது. பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிற காலம்; என் வயதுப் பையன்களுக்கு அந்தக் காகிதம் ஒரு காகிதம் மட்டுமல்ல. அம்மா தினமும் சொல்வாள், "உன் பேரு அந்த ஆபீஸ்ல நல்லதுக்கும் அடிபடக் கூடாது, கெட்டதுக்கும் அடிபடக் கூடாது. வாங்கிக்கிட்டுக் கெளம்பிடு."

சைலன்சர் பொறுக்குகிற வேலையில் என்னையும் சேர்த்துக்கொண்டார் அவர். "ஸயா, இங்கிலீஷ்ல என்ன போட்டிருக்கான், படிச்சுச் சொல்லு" என்று கைப்பேசியை நீட்டினார். ஸயா என்றால் வாத்தியார். மற்றவர்கள் மரியாதைக்குச் சொல்வார்கள், அவர் கிண்டலுக்கும் மரியாதைக்கும் நடுவில் வைத்துச் சொல்வார். ஒரு வாரம் அவர் கொட்டகை பெஞ்சில் உட்கார்ந்து, விட்டு விட்டு வருகிற இணையத்தில் நான் படித்துச் சொன்னேன்.

மூன்று வகை இருந்தது. ஒன்று, நடுவில் ஓட்டை போட்ட குழாய், அதைச் சுற்றிக் கண்ணாடிப் பஞ்சு. "பஞ்சு எத்தனை நாளைக்குப்பா? எட்டு சிலிண்டர் சூட்டுக்கு ஒரு மழைக்காலம் தாங்காது. எரிஞ்சு பின்னாடி பறந்து போயிரும். அப்புறம் பழைய குருடிதான்." இரண்டாவது, உள்ளே தகடு தகடாக அறை வைத்தது. சத்தம் ஓர் அறையில் மோதி இன்னோர் அறைக்குப் போகும். "இது சத்தத்தை அடக்காது, குரலை மாத்தும். சின்னப் பையன் குரல் பெரியாள் குரலா ஆகும். டீச்சருக்கு எந்தக் குரலா இருந்தா என்ன?" மூன்றாவது, நீளமான பெட்டி. குழாய் உள்ளே ஒரு முறை போய், திரும்பி வந்து, மறுபடி போய் வெளியே வரும். சத்தம் நன்றாகக் குறையும், எஞ்சினின் மூச்சும் கொஞ்சம் குறையும் என்று போட்டிருந்தது. அதைச் சொன்னதும் முகம் சுருங்கியது. "ஊமையாக்கிடுவான் போலிருக்கே" என்றார்.

பழைய சாமான் கடைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். மலைபோல் குவிந்த ஜப்பான் சைலன்சர்களில் ஒவ்வொன்றாக எடுத்துக் குலுக்குவார். உள்ளே துரு உதிர்ந்தால் கலகல என்று கேட்கும், அது தள்ளுபடி. மிச்சத்தை ஒரு பக்கம் வாயில் வைத்து, சுருட்டுப் புகையை உள்ளே ஊதுவார். மறுபக்கம் புகை எப்போது வருகிறது என்று நான் எண்ண வேண்டும்.

"ரெண்டு."

"வேணாம். அடுத்தது."

"நாலுண்ணே."

"ம்."

"ஏழு... எட்டு."

அவர் வாயை எடுத்துவிட்டுக் கண்ணீரைத் துடைத்தார். "புகை உள்ள எவ்வளவு நேரம் தங்குதோ, சத்தம் அவ்வளவு சாகும். இதுதான் ஸயா. இதுக்கு ஜோடி ஒண்ணு தேடு." கடைக்காரச் சீனர், "சைலன்சர் வாங்க வந்தியா, குடிக்க வந்தியா?" என்று பர்மிய மொழியில் கேட்டார். "குடிச்சுப் பாத்துத்தானே வாங்கணும்" என்றார் இவர்.

அந்த ஜோடியை மாட்டினார். மழைக்குத் தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்கும் என்பதால் வண்டியின் வயிற்றோடு ஒட்டி உயர்த்தி மாட்டினார். வெல்டிங் எல்லாம் வரிசையாக மீன் செதில்போல அழகாக இருந்தது. அவ்வளவோடு நான் நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் நான் எதையும் கடைசி வரி வரை படிக்கிறவன். எங்கள் வீட்டில் முதலில் படிக்க வந்தவனுக்கு அது ஒரு பயம், விட்டுப்போன வரியில்தான் பரீட்சைக் கேள்வி இருக்கும் என்று. கைப்பேசியில் வந்த அந்தப் பக்கத்தின் அடியில், சைலன்சருக்கு முன்னால் குழாயில் ஒரு கிளை விட்டு அதற்கு மூடி போட்டு வைக்கலாம், பந்தயத்துக்குப் போகும்போது மூடியைக் கழற்றிக்கொள்ளலாம் என்று போட்டிருந்தது. அதையும் வாசித்துச் சொன்னேன்.

அவர் சுருட்டை வாயிலிருந்து எடுத்தார். "அதை மட்டும் திருப்பிப் படி" என்றார்.

இரண்டு நாள் கழித்துப் பார்த்தபோது இரண்டு பக்கமும் கிளை இருந்தது, கிளைக்கு மூடி இருந்தது. ஒவ்வொரு மூடிக்கும் மூன்று நட்டு. ஸ்பானர் போடுகிற நட்டு அல்ல. கையாலேயே திருகக்கூடிய, இரண்டு பக்கமும் காது வைத்த நட்டு.

"இது எதுக்குண்ணே?"

"கரி புடிக்கும்ல. வருஷத்துக்கு ஒரு வாட்டி தொறந்து தட்டணும்."

"அதுக்குக் காது நட்டா?"

"ஸ்பானர் தேடிக்கிட்டிருக்க முடியுமா? கெய்ஸா மஷிபூப்பா."

நான் நம்பினேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது.

பத்திரத்தை நானே பர்மிய மொழியில் எழுதினேன், ஜாமீன் கையெழுத்தும் நானே போட்டேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும். "புகைவாய்கள் முழுமையாகவும் நிரந்தரமாகவும் அடைக்கப்பட்டுள்ளன" என்று எழுதும்போது பேனா நிற்கவில்லை. கொட்டகையில் அவர் எதிரில் உட்கார்ந்திருந்தார். அண்ணி எனக்குப் பலாட்டாவும் கடலைக்குழம்பும் வைத்திருந்தார். பர்மியரிடம் ஆனாடே என்று ஒரு சொல் உண்டு. எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு மறுக்க முடியாத சங்கடம். தமிழில் அதற்கு ஒரு சொல் இல்லை. ஆனால் அந்தச் சங்கடம் எங்களுக்கும் இங்கே தொற்றிக்கொண்டது. அப்பாவின் இரண்டு நாள் மூச்சு அந்த மேசையில் பலாட்டாவோடு சேர்ந்து இருந்தது. அது ஒரு காரணம். இன்னொரு காரணமும் உண்டு. ஜாமீன் போடுகிற அளவுக்கு மதிப்புள்ளவன் என்று லூஜி என்னைப் பார்த்தால், என் கடிதம் சீக்கிரம் நகரும் என்று நினைத்தேன்.

அம்மாவுக்குத் தெரிந்தபோது, "உங்கப்பா நாப்பது வருஷம் கைநாட்டு வச்சாரு, ஒரு இடத்துலயும் மாட்டல. நீ கையெழுத்துப் போடக் கத்துக்கிட்டு இதுக்குத்தான் போட்டியா?" என்றாள்.

"வண்டி சத்தமே இல்லம்மா."

"வண்டியைச் சொல்லலடா. அந்த ஆளைச் சொல்றேன்."

லூஜியே தெருவுக்கு வந்து பார்த்தார். வண்டி பூனைபோல வந்து அவர் காலடியில் நின்றது. மூன்றாம் மாடி ஜன்னலிலிருந்து டீச்சர் கையசைத்தார். லூஜி குனிந்து அடியில் பார்க்கவில்லை. பத்திரத்தைத்தான் இரண்டு முறை படித்தார். "எழுத்து அழகாக இருக்கிறது, ஸயா" என்றார். "திங்கட்கிழமை வந்து உங்கள் கடிதத்தை வாங்கிக்கொள்ளுங்கள்."

அதற்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை, அரிசிக்கடைக்காரர் வீட்டு ஷின்பியு. மகனை வெள்ளைக் குதிரையில் உட்கார வைத்திருந்தார்கள். பின்னால் வெற்றிலைப்பெட்டியும் பூத்தட்டும் ஏந்திய பெண்கள் இரண்டு வரிசை. முன்னால் சிவப்பு வண்டி. நான் ஓரத்தில் நடந்துகொண்டிருந்தேன். கொஞ்ச தூரம் போனதும் அரிசிக்கடைக்காரர் வண்டியருகே வந்து, "என்ன, செத்துப்போச்சா? நான் சத்தத்துக்குத்தானே கூப்பிட்டேன்?" என்று கேட்டார். இவர் வழக்கம்போல அந்தச் சொல்லைச் சொன்னார். இறங்கினார். ஒரு பழைய துணியைக் கையில் சுற்றிக்கொண்டு வண்டிக்கடியில் கை விட்டார். இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்று. ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. எழுந்தபோது என்னைப் பார்த்தார். கண்ணைச் சிமிட்டினார்.

நான் "வேண்டாம்ண்ணே" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை, எஞ்சின் எழுந்துவிட்டது.

பெரிய சாலைத் திருப்பத்தில் காலை எடுத்தார். பட். பட், பட்.

மேளம் நின்றது. வெற்றிலைப்பெட்டிகள் ஒவ்வொன்றாகத் தார்ச்சாலையில் விழுந்த சத்தம் நினைவிருக்கிறது. பட்டுடுத்திய பெண்கள் இரண்டு வரிசையும் அப்படியே தரையோடு குந்தி, தலையைக் கையால் மூடிக்கொண்டார்கள். குதிரைக்காரன் குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டான். குடைக்காரன் குடையைப் போட்டுவிட்டுப் படுத்துவிட்டான். குதிரைமேல் உயரமாக இருந்தது அந்தப் பையன் மட்டும்தான். கிரீடத்தோடு, கன்னத்தில் தனாக்கா மரப்பட்டைப் பூச்சோடு, வாயைத் திறந்து சத்தம் வராமல் அழுதுகொண்டிருந்தான்.

ஒரு வண்டி வந்து நின்றது. என்ன வண்டி என்று எழுத வேண்டியதில்லை. இறங்கியவர்கள் அவரைச் சூழ்ந்தார்கள். சாவியைக் கேட்டார்கள். அவர் டாஷ்போர்டைத் திறந்து, மடித்து வைத்திருந்த ஒரு தாளை எடுத்து நீட்டினார். அது என் பத்திரத்தின் நகல். "வார்டுல ஒப்புக்கொண்ட வண்டிதாங்க. படிச்ச ஸயா ஒருத்தர் ஜாமீன் போட்டிருக்கார். பேரு, வீட்டு நம்பர் எல்லாம் அதுல இருக்கு." கும்பலில் இருந்த என்னை அவர் காட்டவில்லை. காட்டத் தேவையும் இல்லை. தாளில் நான் இருந்தேன்.

திங்கட்கிழமை வார்டு அலுவலகத்தில் அவரும் நானும் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். டவுன்ஷிப் அலுவலகத்திலிருந்து வந்த இருவர் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். லூஜியின் மேசையில் இடது பக்கம் என் கடிதம், முத்திரை இல்லாமல். வலது பக்கம் அந்த மூடிகளில் ஒன்றும் மூன்று காது நட்டுகளும். அவர் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து வீட்டுக்கு வரவில்லை. சட்டை எல்லாப் பொத்தானும் போட்டிருந்தது. யாரோ போடச் சொல்லியிருக்க வேண்டும்.

லூஜி என்னைத்தான் கேட்டார். "ஸயா, நீங்கள் கையெழுத்துப் போட்ட அன்று இந்த நட்டுகள் இருந்தனவா?"

வெளியே சைக்கிள் ரிக்ஷாக்காரன் மணி அடித்துக்கொண்டு போனான். அப்பா வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருப்பது தெரிந்தது. இருந்தன என்று சொன்னால் நான் பொய்ப் பத்திரம் எழுதினவன். என் பெயர் அந்தச் சுவரோரத்து நோட்டில் ஏறும். அங்கே ஏறிய பெயர் எங்கெல்லாம் போகும் என்று எனக்குத் தெரியும்.

"இல்லை" என்றேன். "அன்று வெல்டிங் வைத்து அடைத்திருந்தது."

லூஜி மூடியைக் கையில் எடுத்தார். அதன் விளிம்பில் கட்டைவிரலை வைத்து ஒரு சுற்று ஓட்டினார். வழவழவென்று இருந்தது. வெல்டிங் வைத்து அறுத்த இரும்பு அப்படி இருக்காது. அது லூஜிக்கும் தெரிந்திருக்கும், சுவரோரம் இருந்தவர்களுக்கும் தெரிந்திருக்கும். மூடியைக் கீழே வைத்துவிட்டு அவரைப் பார்த்தார். "அப்படியா?"

அவர் என் பக்கம் திரும்பினார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் இதை எழுதாமல் இருந்திருப்பேன். முகத்தில் கோபம் இல்லை. ஏதோ சாமானைக் கையில் எடைபோட்டுப் பார்க்கிறவர்போல என்னைப் பார்த்தார். வழக்கமான அந்தச் சொல் வரும் என்று காத்திருந்தேன். அது வந்திருந்தால் எல்லோருக்கும் நடுவாக ஏதோ ஒரு வழி பிறந்திருக்கும், இருவரும் பாதிப் பாதியாக மாட்டியிருப்போம்.

"ஆமாங்க. வெல்டிங்தான் இருந்தது" என்றார் பர்மிய மொழியில், பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒப்பிக்கிறதுபோல. "ஸயாவுக்கு எதுவும் தெரியாது. பிறகு நான்தான் அறுத்தேன். நான் மட்டும்தான்."

சுவரோரத்தில் பேனா ஓடியது. இருவரும் எழுந்தார்கள். அவரை நடுவில் விட்டுக்கொண்டு வெளியே போனார்கள். அப்பா அவசரமாக எழுந்து நின்று அவருக்குக் கையெடுத்துக் கும்பிட்டார். என்ன நடந்தது என்று அப்பாவுக்குத் தெரியாது.

லூஜி என் கடிதத்தில் முத்திரை குத்தி நீட்டினார். பெரியவர்களிடம் எதையும் இரண்டு கையால்தான் வாங்க வேண்டும்; அப்படியே வாங்கினேன். நன்றி சொன்னேன்.

பதினெட்டு நாள் கழித்து அவர் வீடு திரும்பினார். வண்டி திரும்பவில்லை. அந்தப் பதினெட்டு நாளும் அண்ணி கல் போடவில்லை. போட்ட அன்று அம்மா பலாட்டா வாங்கப் போனாள். அண்ணி சுட்டுக் கொடுத்தார், சுற்றிக் கொடுத்தார், "உங்க புள்ளை படிச்சவன், நல்லா இருக்கட்டும்" என்றார். அம்மாவுக்கு அது வாழ்த்தாகத்தான் கேட்டிருக்கிறது. அடுத்த மாதம் அவர்கள் வீட்டைக் காலி செய்தார்கள். சாமான் ஏற்றும்போது நான் டியூஷன் வீட்டில் இருந்தேன். அன்று டியூஷன் இல்லை.

நான் எங்கும் போகவில்லை. மனு உள்ளே போவதற்குள் என் வயது ஆண்கள் நாட்டைவிட்டு வெளியேற வழி நின்றுபோனது. கடிதத்துக்கு ஆறு மாதம்தான் ஆயுள், அதுவும் முடிந்தது. தூக்கிப் போட்டுவிடலாம் என்றால் அம்மா விடவில்லை. பிளாஸ்டிக் உறையில் போட்டு, சாமி படங்களின் நடுவே சாய்த்து வைத்திருக்கிறாள். வெள்ளிக்கிழமை படங்களுக்குப் பொட்டு வைக்கும்போது அதன் மூலையிலும் ஒரு பொட்டு வைக்கிறாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஒரு நாள் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். இவன் நம்பத்தகுந்தவன், இவனால் யாருக்கும் எந்தத் தீங்கும் வந்ததில்லை என்று எழுதியிருக்கிறது என வாசித்துச் சொன்னேன்.